அதிகாரிக்குப் பக்கத்து இருக்கை

தூக்கக் கலக்கத்தில் டிராமில் ஒரு ஜெர்மன் சிப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைத்தேன். ஆஸ்லோவை அவர்கள் பிடித்த நாளிலிருந்து நாங்கள் யாரும் அவர்கள் பக்கத்தில் உட்காருவதில்லை, நின்றபடியே போவோம். என் மனைவி சுன்னிவா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதே சுன்னிவா இன்று ஒரு ஜெர்மன் அதிகாரியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்! டிராமே அவளை முறைத்தது. நடுவில் போலீஸ் ஏறி, கள்ளச்சந்தைச் சரக்கு தேடி எல்லோருடைய பையையும் கோட்டையும் துழாவியது. அதிகாரிக்கு சல்யூட் அடித்துவிட்டு அவளைத் தாண்டிப் போனது.

வீட்டுக்குள் வந்ததும் வெடித்தேன். "என்ன கூத்து இது?"

"கால் வலிச்சுது."

"ஊர்ல இனி எவன் நம்ம மூஞ்சியில முழிப்பான்?"

"முட்டைக்கோஸ் வாங்கிட்டியா?"

"சுன்னிவா! உண்மையைச் சொல்லு!"

கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.

"உள்ள ஆட்டுத்தொடை இருக்குய்யா. அங்க உக்காரலைன்னா இந்நேரம் போலீஸ்காரன் வீட்டுல வெந்துக்கிட்டிருக்கும்."