நாலாவது கோப்பை

காலை ஏழு மணி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. குளிரில் செத்துவிடாமல் இருக்க, கேமராவின் பேட்டரியை என் உள்சட்டைக்குள் வைத்து, கோழி அடைகாக்கிற மாதிரி காத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறை ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. கண்ணாடி வழியாக எடுத்தால் பறவையின் மேல் என் மூக்கும் சேர்ந்து விழும்.

மூன்று வருஷமாக இதே ஜன்னல், இதே நாற்காலி. வசந்தத்தில் கரடிகள் விழித்துக்கொள்ளும் வரை பறவைகளுக்கு விதைத் தட்டுகள் தொங்கும், அப்புறம் கரடி தேடி வந்துவிடும் என்று கழற்றிவிடுவோம். கோடையில் சர்க்கரைத் தண்ணீருக்கு ரீங்காரச் சிட்டுகள் வரும். மேப்பிள் இலை கொட்டியதும் வடக்கிலிருந்து ஜுன்கோக் குருவிகள் இறங்கும். கை பழகட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்தேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பறவை.

என் புருஷன் ஹால்வர் அதை மூன்று பிப்ரவரிகளுக்கு முன்னால் எங்கள் ஸ்ப்ரூஸ் மரத்தடியில் பார்த்தான். மேற்குக் கடற்கரைக் காட்டுப் பறவை. இந்த விஸ்கான்சினுக்கு வழி தவறித்தான் வரவேண்டும். எங்கள் ஊர் ராபின் பறவைக்கும் ஆரஞ்சு மார்புதான். ஆனால் இதற்கு மார்பின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை உண்டு. பட்டையைப் பார்த்தேன் என்று பறவைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தான். படம் இல்லை.

படம் இல்லாவிட்டால் ஓட்டு. சங்கத்தின் பதிவுக் குழுவில் ஐந்து பேர், நானும் ஒருத்தி. சின்ன ஊர், சொந்தக்காரர் அறிக்கை என்று ஒதுங்க ஆரம்பித்தால் குழுவில் நாற்காலிதான் மிஞ்சும். யார் எப்படிப் போட்டார் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. வீட்டிலும்தான்.

நாலுக்கு ஒன்று. தள்ளுபடி.

தெற்கே போகாமல் தங்கிவிட்ட ராபினாக இருக்கலாம் என்று கடிதம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, சந்தேகப்படக் காரணமும் இருந்தது. அப்போது ஹால்வருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதற்கு முந்தின வருஷம்தான், புறா விரட்ட, குழுவில் இருக்கும் மேவிஸ் தன் கூரையில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஆந்தையை நாற்பது நிமிடம் உற்றுப் பார்த்துக் குறிப்பு எழுதியிருந்தான்.

அந்தக் கடிதத்தோடு சங்கத்துக்கு முழுக்குப் போட்டான். அதுகூடப் போகட்டும். குழுவில் இருந்த டெல்பெர்ட்டோடும் பேச்சை நிறுத்தினான்.

ஐம்பது குளிர்காலம் உறைந்த ஏரியில் துளை போட்டு, ஒரே குடிசையில் உட்கார்ந்து மீன் பிடித்தவர்கள் இரண்டு பேரும். டெல்பெர்ட் வாயைத் திறக்கவில்லை, விதி அவனுக்கும்தானே. இப்போது ஹால்வர் தனியாகப் போய்த் தனியாக வருகிறான். பனியில் அந்த ஒற்றைக் கால்தடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேமராவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவேன்.

"படம் கிடைச்ச அன்னிக்கு நாலு பேரையும் காபிக்குக் கூப்பிடுவேன். அவங்க மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும்" என்பான். தினமும் காலையில், "என் பக்கம் நின்ன ஒத்த ஓட்டுக்காரிக்கு" என்று சொல்லிக்கொண்டே எனக்கும் ஒரு காபி கொண்டுவந்து வைப்பான்.

போன டிசம்பரில் காய்ச்சலோடும் ஜன்னலில் உட்கார்ந்தேன். ஒரு குருவிக்காக நிமோனியா வாங்கிக்கொள்ளாதே என்று மகள் போனில் கத்தினாள். குருவிக்காக இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இன்றும் காபியை வைத்துவிட்டு ஹால்வர் அடுப்புப் பக்கம் போனான்.

ஏழு இருபதுக்கு, மரத்தடியில் நான் தூவியிருந்த ஊறவைத்த திராட்சையைக் கொத்திக்கொண்டிருந்த ஜுன்கோக்கள் விலகின. பெரிதாக ஒன்று வந்து இறங்கியது.

முதுகுதான் தெரிந்தது. சத்தமில்லாமல் பேட்டரியைப் போட்டேன். திரும்பு என்றேன் மனதுக்குள். விரல் விறைத்துப் போனாலும் சரி, இந்த முறை விடுவதாக இல்லை.

திரும்பியது. ஆரஞ்சு மார்பு. அதன் குறுக்கே, அடுப்புக்கரியால் இழுத்துவிட்ட மாதிரி, பட்டை.

விரல் ஒரு கணம் நின்றது. குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அழுத்தினேன். ஒன்பது படம் விழுந்தது.

ஹால்வர் கேமராவை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தான். புரை எடுத்த கண் இரண்டும் நிறைந்துவிட்டன. நேரே அலமாரிக்குப் போய் நாலு கோப்பைகளை எடுத்துவந்து, மேசையின் அந்தப் பக்கம் வரிசையாக வைத்தான்.

"இது பல் டாக்டர் க்ராஸுக்கு. அந்த ஆளுக்குக் காக்காயைத் தவிர எதுவும் தெரியாது. இது மேவிஸுக்கு, அவ ஆந்தையையும் கூட்டிட்டு வரட்டும். இது பாஸ்டருக்கு. இனிமே அவரு காணிக்கைத் தட்டுல நான் சட்டைப் பொத்தான்தான் போடுவேன்."

நாலாவதை மட்டும் டொக்கென்று வைத்தான்.

"இது டெல்பெர்ட்டுக்கு."

மேசையின் இந்தப் பக்கம் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது.

நான் எழுந்து போய் டெல்பெர்ட்டின் கோப்பையை எடுத்தேன். அதை ஹால்வரின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆறிப்போன என் காபியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம், பாஸ்டருக்கு அடுத்த இடத்தில் வைத்தேன்.

"முதல்ல அவனைக் கூப்பிடு" என்றேன்.