சத்தம் போடாத வயிறு

"எங்க வீட்டுக்காரருக்கு எந்த நேரமும் வயித்துல கடமுடான்னு சத்தம். அவரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல வேலை பார்க்கிறாருங்க!" மருந்துக் கடையில் அவள் அழாத குறைதான்.

"அய்யோ, அங்கே ஊசி விழுந்தாக்கூட மைக்குல கேட்குமே! வேலைக்கே உலை வச்சிடும்." கடைக்காரர் ஒரு டப்பாவை நீட்டினார். "நல்ல பாக்டீரியாம்மா. கேப்சூலைப் பிரிச்சு, சூடில்லாத சாப்பாட்டுல கலந்துடுங்க. வாயு குறையும், செரிமானம் சீராகும்."

கணவனோ மாத்திரை என்றாலே காத தூரம் ஓடுகிறவன். அவனுக்குத் தெரியாமல் தினமும் தயிரில் கலந்தாள். மெல்ல மெல்ல வயிறு வாயை மூடிக்கொண்டது.

ஒருநாள் மாலை அவன் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"வேலை போயிடும் போலிருக்குடி. நாளைக்கும் இப்படியே இருந்தா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னு டைரக்டர் கத்திட்டார்."

"ஏன்? இப்பதான் வயித்துல சத்தமே இல்லையே!"

"அதான்டி பிரச்சினை! படத்துல புலி உறுமணும். வயித்துல மைக்கை வச்சுக்கிட்டுக் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன், ஒரு முனகல்கூட வரலை. இத்தனை வருஷமா நான் கொடுத்த இடி, எரிமலை, புலி எல்லாமே இந்த வயிறுதான். வெட்கமா இருந்துச்சு, உன்கிட்ட சொல்லலை."

அவள் தயிர்க் கிண்ணத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பயத்தில் அவள் வயிறு 'க்ர்ர்ர்' என்றது.

அவன் சட்டென்று குனிந்து காதை வைத்தான். முகம் மலர்ந்தது.

"புலியேதான்! காலையில சாப்பிடாம என்கூட ஸ்டூடியோவுக்குக் கிளம்பு!"