மாப்பிள்ளைக் கோழி

கிணற்றடிக் கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டே ஹலீம், "இண்டைக்கு அவளையும் முடிச்சிருவம்" என்றார். குரலில் இரக்கம் என்கிற சாமானே இல்லை. குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி நபீஸா, அவளை முந்தானையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

முந்தானைக்குள்ளிருந்து கொக் கொக்கென்று சத்தம் வந்தது. வீட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கோழி அதுதான்.

மகள் சஹ்லாவின் கலியாணத்தன்று கூடு நிறையக் கோழி இருந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பதுதான் ஏறாவூரில் வழக்கம்; வந்த மாப்பிள்ளைக்குக் கீரையும் சொதியுமா வைப்பது? முதலில் சேவல் போயிற்று, பிறகு பெட்டைகளும் ஒவ்வொன்றாகச் சட்டிக்குப் போயின.

கலியாணச் செலவில் கையும் வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. இந்த ஒன்றாவது தப்பினால், பக்கத்து வீட்டுச் சேவல் தயவில் அடைக்கு வைக்கலாம், கூடு திரும்ப நிறையும். இதையும் அறுத்தால் அத்தோடு சரி. நபீஸா அதைச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள்.

ஹலீம் மசிகிற ஆளா? மாப்பிள்ளைக்குக் குறை வைத்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று விடியற்காலையிலேயே பிரசங்கம் தொடங்கினார். இந்த மனிதனுக்கு மருமகன் மேல் இவ்வளவு பாசமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நீங்க போய்க் கடையத் திறங்க. நான் பக்கத்து வீட்டுல குடுத்து அறுத்தெடுக்கிறன்" என்றாள். அவர் கத்தியை ஒப்படைத்துவிட்டுத் தையல் கடைக்குக் கிளம்பினார். படலையைத் தாண்டியவர் திரும்பி வந்து, மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போடும்படியும், மாப்பிள்ளைக்கு அதுதான் பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று நபீஸா நேரே கேட்க முடியாது. மாமி மருமகன் முன்னால் வந்து நிற்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மகளிடம் கேட்டால், "அவர் ஒண்டும் சொல்லமாட்டார் உம்மா" என்பாள். அவளும் பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போய்விடுவதால் பகல் சோற்றுக்கு வீட்டில் இருப்பதில்லை.

செங்கலடியில் போன் திருத்துகிற மாப்பிள்ளை நளீர் பகலில் மோட்டார் சைக்கிளில் வருவான். மாமாவும் மருமகனும் முன் அறையில் பாய் விரித்து உட்காருவார்கள். நபீஸா திரைக்குப் பின்னால் நின்று, ஈ மொய்க்காமல் மூடிய இரண்டு பீங்கான் தட்டுகளை நீட்டுவாள். கோழி மாப்பிள்ளைக்கு, கீரை ஹலீமுக்கு. வாங்கிக்கொண்டு போவதும், வெறும் பீங்கானைத் திருப்பிக் கொண்டுவருவதும் ஹலீமின் வேலை.

ஆக, மாப்பிள்ளையின் மனதை அவள் பீங்கானைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கோழிப் பீங்கானில் எலும்பைக் கூடக் கடித்து உறிஞ்சித் தள்ளியிருக்கும். இந்தப் பிள்ளைக்குக் கோழி என்றால் உயிர் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

இப்போது ஒரு கையில் கத்தி, மறு கையில் கோழி. நபீஸா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்ன வந்ததோ, கோழியைக் கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கத்தியோடு வேலிப் பக்கம் போய் முருங்கைக் கொப்பு ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தாள்.

வைப்பது கீரைதான் என்றாலும் வாயில் வைக்கிற மாதிரி வைக்க வேண்டுமே. வாவிக் கூனி இறாலை வறுத்து, முருங்கை இலையோடும் தேங்காய்ப்பூவோடும் சேர்த்துச் சுண்டினாள். பலாக்கொட்டையைத் தேங்காய்ப்பாலில் குழைய விட்டாள், மாங்காய் போட்டுப் புளியாணம் வைத்தாள். செலவென்று பார்த்தால் ஒரு தேங்காயும் ஒரு பிடி கூனியும்தான், வாசமோ தெருமுனை வரைக்கும் போயிற்று.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நபீஸா திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். நளீரின் தாய் ஓட்டமாவடியில் இருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். மருமகன் முகம் சுளித்து அங்கே போய்விட்டால் மகளின் வாழ்க்கை என்ன ஆவது? ஒரு கோழிக்காகப் பிள்ளையின் குடித்தனத்தைக் கெடுத்துக்கொண்டேனே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் இனி என்ன செய்வது, மூடிய பீங்கான் இரண்டையும் நீட்டினாள்.

ஹலீம் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வாங்கிப் போனார்.

மூடி திறக்கிற சத்தம் கேட்டது. நபீஸா திரையை இறுகப் பிடித்தபடி, மாப்பிள்ளை எழும்பிப் போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

கேட்டதோ நளீரின் சிரிப்பு. "மாமா, இண்டைக்குப் பீங்கான் மாத்தத் தேவல்ல. ரெண்டுலயும் கீரதான்" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அடுத்த நொடி திரையை விலக்கிக்கொண்டு ஹலீமின் முகம் உள்ளே வந்தது.

"அப்ப என்ட கோழி எங்க?"