முட்டு மரம் விலகிய நாள்

ரோமாபுரியில் ஒரு கோயிலின் மேல் பெரிய குவிமாடம் எழும்பி முடிந்திருந்தது. அதைக் கீழிருந்து ஒரு முட்டு மரம் தாங்கி நின்றது.

"உன் உச்சியில அவ்வளவு பெரிய ஓட்டை. அதை மூடாமலே என்னைக் கழற்றப் போறாங்களாம். நான் நகர்ந்தா நீ பொலபொலன்னு கொட்டிருவே," என்றது மரம்.

"உச்சியில பாரம் இல்லாததும் நல்லதுதான். அடியில கனத்த கல், மேல வர வர லேசான கல்னு பார்த்துப் பார்த்துத்தான் கட்டியிருக்காங்க. நீ தைரியமாப் போ," என்றது குவிமாடம்.

மரத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் தாங்கியதற்கு இதுதானா மரியாதை? ஆட்கள் ஆப்பைத் தட்டி எடுத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டது.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால், அது நின்ற இடத்தில் ஓட்டை வழியாக வெயில் வட்டமாக விழுந்திருந்தது. மேலே குவிமாடம் அசையாமல் நின்றது.

எங்கெங்கிருந்தோ கொத்தனார்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அதேபோல் கட்ட ஆசைப்பட்ட ஓர் ஊர்க்காரர்கள் அந்த மரத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே எழும்பிய புதுக் குவிமாடம், மரத்தைக் கழற்றும் நாளில் நடுங்கியது.

"அண்ணே, நீங்க போயிட்டா நான் விழுந்துருவேனா?"

"விழமாட்டே," என்றது முட்டு மரம், நெஞ்சை நிமிர்த்தி. "நான் விட்டுட்டு வந்த ஒருத்தன் ரோமாபுரியில ஜம்முனு நிக்கிறான்."