பதினொரு பெயில்

ஒக்லாந்தின் பென்ரோஸ் பயிற்சிக் குளத்தில் ரொடோல்போ ஆறு சுற்று நீந்திவிட்டு, மூச்சுக்கூட வாங்காமல் கரையேறினான். கப்ரன் அலோன்சோ அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. தாளில் ‘பெயில்’ என்று எழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

துவாயோடு நின்ற பெனடிக்றுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் அங்கே உதவிப் பயிற்சியாளர். மன்னாரில் வள்ளக்காரக் குடும்பம். யார் தண்ணீருக்குப் பிறந்தவன், யார் தண்ணீரைக் குடிக்கப் பிறந்தவன் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

அந்தக் கம்பனி பிலிப்பைன்ஸிலிருந்து மாலுமிகளை எடுத்து, ஒக்லாந்தில் இரண்டு கிழமை பயிற்சி கொடுத்து, வெளிநாட்டுக் கப்பல்களில் ஏற்றிவிடும். கப்ரன் கையெழுத்து வைத்தால்தான் ஏறலாம். தொண்ணூற்றாறில் கம்பனி தொடங்கியதிலிருந்து ஒருவர் இருவர்தான் பெயில். அன்றைக்கோ நீந்திய பதினொரு பேரும் பெயில்.

“போன மாதம் நாயைப்போல தத்தளிச்சவனையும் பாஸ் பண்ணினீங்களே, கப்ரன்?”

“அது போன மாதம்.”

அவ்வளவுதான் பதில். கப்ரனும் பிலிப்பைன்ஸ்காரர்தான். சொந்த நாட்டுக்காரனுக்கே குழி பறிக்கிறாரே என்று பெனடிக்ற் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பின்னேரம் ரொடோல்போ அவரைத் தேடி வந்தான்.

“சேர், நான் தீவில பிறந்தவன். அப்பா மீன் பிடிக்கிறவர். நீந்தத் தெரியாது எண்டு திருப்பி அனுப்பினால் மனிசிக்கு என்னத்தைச் சொல்லுறது? இனி எந்தக் கம்பனியும் என்னை எடுக்காது.”



லின்ஃபீல்டில் வீட்டுக்குப் போனதும் மனைவி மரியநாயகியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“அந்தாள் தன்ர ஊர்ப் பெடியளுக்கு இடம் பிடிக்குது,” என்றாள் அவள், சோற்றைப் போட்டபடி. “எங்கட ஆக்கள் செய்யாததே?”

“ஓம், அப்பிடித்தான். இண்டைக்கு ரெலிபோனில தங்கட பாஷையில குசுகுசு எண்டு கதைச்சவர். என்னைக் கண்டதும் டக்கெண்டு வைச்சிட்டார்.”

“பிறகென்ன யோசனை? முதலாளியிட்டைச் சொல்லுங்கோ. பதினொரு குடும்பத்தின்ர பாவம்.”

மறுநாள் காலையில் சொன்னார். முதலாளி வாட்கின்ஸின் முகம் சிவந்துபோனது.

“வெள்ளிக்கிழமை கப்பல் வெளிக்கிட வேணும். ஆக்கள் இல்லாட்டி கப்பல் நகராது. நீங்களே சோதனை வையுங்கோ. நீந்தினால் நீங்களே கையெழுத்துப் போடுங்கோ. அலோன்சோவை நான் மணிலாவுக்கு அனுப்பிவிடுறன்.”

பெனடிக்ற் சோதனை வைத்தார். பதினொரு பேரும் மீன் குஞ்சுகள். ஒருவன் மல்லாக்க நீந்தி வேடிக்கையும் காட்டினான். தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு பெனடிக்ற் பேனையைத் திறந்தபோது, கப்ரன் வாசலில் வந்து நின்றார்.

“கையெழுத்து வைக்க முதல் ஒருக்கா என்னோட துறைமுகத்துக்கு வா.”

“இனி என்ன கதை, கப்ரன்?”

“கதை ஒண்டுமில்லை. வந்து பார்.”

பெனடிக்றுக்கு உள்ளூரச் சந்தோஷம். மாட்டுப்பட்ட மனிதர் கெஞ்சப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே வான் வண்டியில் ஏறினார். கப்ரனின் ஊர்ப் பெடியன்கள் கப்பலடியில் நின்றால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

கப்பலடியில் ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை வெளிக்கிட இருந்த மரக்குற்றி ஏற்றும் கப்பல், புதுப் பெயின்ரில் மினுங்கிக்கொண்டு நின்றது. கப்ரன் ஏணியடியிலேயே நின்றுவிட்டார்.

“நீ கடல்காரன். நீயே ஏறிப் பார்.”

பெனடிக்ற் ஏறினார். முதலில் உயிர்காப்புப் படகு. அதை இறக்கும் கொளுக்கியை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. துருவேறி இறுகிப்போன கொளுக்கிக்கு மேலேயே பெயின்ற் அடித்திருந்தார்கள். பிறகு கீழே இறங்கி, சரக்கறையின் பக்கச் சட்டத்தில் விரலால் தட்டினார். இரும்பு அப்பளம்போலப் பொரிந்து கையோடு வந்தது.

அந்தத் துருத்துண்டைக் கையில் பிடித்தபடியே இறங்கி வந்தார்.

“முதலாளிக்குச் சொன்னீங்களோ, கப்ரன்?”

“மூண்டு தரம். கப்பலுக்குச் சேர்டிபிகேற் சரியா இருக்காம். போன பயணம் இதில வந்து இறங்கினவனோட நேற்று ரெலிபோனில கதைச்சன். வழி முழுக்கத் தண்ணி இறைச்சு இறைச்சுத்தான் வந்தவங்களாம்.”

“பெடியளுக்கு உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் போகாமல் விடுவாங்களோ? வீட்டில அடுப்பு எரிய வேணும். ஏறித்தான் போவாங்கள். கப்பலை மறிக்க எனக்கு அதிகாரமில்லை. ஆக்களை மறிக்கத்தான் ஏலும். என்னை ஏசிக்கொண்டெண்டாலும் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.”

பெனடிக்றுக்கு வெட்கமாக இருந்தது.

ஒஃபிஸ் வாசலில் பதினொரு பேரும் பெட்டிகளோடு தயாராக நின்றார்கள். ரொடோல்போ அவரைப் பார்த்துக் கை கூப்பாத குறையாகச் சிரித்தான். உள்ளேயிருந்து வாட்கின்ஸ் எழுந்து வந்தார்.

“என்ன மாதிரி, பெனடிக்ற்? நீந்தினவங்களோ?”

பெனடிக்ற் ரொடோல்போவின் பக்கம் திரும்பவில்லை.

“கப்ரன் போட்டதுதான் சரி, சேர். ஒருத்தனுக்கும் நீந்தத் தெரியாது.”