பிள்ளை உள்ள கொக்கு

ஏரிக்கரையில் ஒரு தாய்க்கொக்குக்குக் கண் மங்கிவிட்டது. மீன் பிடிபடவில்லை.

"பிள்ளை இல்லாத கிழங்களுக்கு அரசாங்கம் மீன் போடுதாம்மா. நான் செத்துட்டேன்னு சொல்லி வாங்கிக்கோ" என்றான் மகன்.

மீன் பங்கிடும் கூழைக்கடாப் பறவையிடம் அவள் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தாள்.

"பிள்ளை இருக்கானா?"

பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் பெற்றவள் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

"இருக்கான் ஐயா. நல்லா இருக்கான்."

"அப்புறம் என்ன, அவனே போடட்டும். அடுத்த ஆள் வா!"

வெறும் அலகோடு திரும்பினாள்.

"ஒரு பொய் சொல்லத் தெரியலையா உனக்கு? இனி என் கூட்டுப் பக்கம் வராதே" என்று மகன் பறந்துபோனான்.

கூட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த மருமகள் எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கடியில் ஒரு முட்டையை உள்ளிருந்து குஞ்சு தட்டியது. அவளுக்குப் பயமாக இருந்தது.