மைல் சேர்த்த டிக்கெட்

டெட்ராய்ட்டிலிருந்து மகன் ஸ்ரீஹரி பேசினான். திண்டுக்கல் கடை போனில் நல்லுசாமியும் மனைவி முனீஸ்வரியும் ஒரே ரிசீவரில் காதை வைத்திருந்தார்கள்.

"நான் கம்பெனி வேலையாப் பறந்து சேர்த்த மைலுக்கு விமானக் கம்பெனியில ஓசியா ஒரு டிக்கெட் தர்றாங்கம்மா. ஆனா அவங்க விமானம் லண்டன்லேர்ந்துதான். பம்பாய்லேர்ந்து லண்டனுக்குக் கூட்டாளி கம்பெனி விமானம். அதுல வியாழக்கிழமை ஒரே சீட்டுதான் மிச்சம்."

"உடனே போட்டுரு அப்பு. மருமக அம்பிகாவுக்குத் தலைப்பிரசவம், துணைக்கு ஆள் வேணும்ல?" என்றாள் முனீஸ்வரி.

பிரசவ லேகியம் டப்பாவில் தயாராக இருந்தது. சுவெட்டர்தான் இல்லை. "குளிர்ல விறைச்சுப் போவ" என்று நல்லுசாமி ஒரு வாரமாகச் சொல்லியும் அவள் வாங்கவில்லை.

"பாஸ்போர்ட்ல இருக்கிறபடி பேரை எழுத்து எழுத்தாச் சொல்லும்மா. மாறினா லண்டன்ல அடுத்த விமானத்துல ஏத்த மாட்டாங்க."

முனீஸ்வரி இடுப்பிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "இங்கிலீசுல இருக்கு, நீங்க வாசிங்க."

"பி, இ, சி..." நல்லுசாமி நிறுத்திவிட்டார். அது பேச்சியம்மாள் பெயர். கன்னிவாடிச் சம்பந்தி, அம்பிகாவின் அம்மா.

"ஏன் நிறுத்திட்டீக? நேத்து கன்னிவாடிக்கே போயி அவங்க பாஸ்போர்ட்டைப் பாத்து எழுதி வாங்கிட்டு வந்தேன். மொதப் பிள்ளைக்குப் பெத்தவ பக்கத்துல இருக்க வேணாமா? வாசிங்க."

"அப்ப நீ வரலையாம்மா?" என்றான் ஸ்ரீஹரி.

"யாரு சொன்னா? ரெண்டாவதுக்கு வாரேன். அதுக்குள்ள நல்லாப் பறந்து மைலைச் சேர்த்து வையி!"